எழுபத்தைந்து கிலோவுக்கு மேல்

பழவேற்காடு ஏரிக்கு அக்கரையிலிருந்து,
11-8-1972, வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய லோகநாதன் மாமா அவர்களுக்கு, உங்கள் அக்காள் மகன் நாகமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே அம்மா நலம். ஆடு நலம். ஏரியில் தண்ணீரும் நலம். அங்கே உங்கள் நலமும், அத்தையின் நலமும், கும்மிடிப்பூண்டி கம்பெனியில் உங்கள் ஷிப்டின் நலமும் அறிய விருப்பம். என் நலத்தைப் பற்றி நான் எழுத முடியாது. அதைக் கல்லூரி எடுத்துக்கொண்டுவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். வரும் திங்கட்கிழமை நீங்கள் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, காலை ஆறரை மணிக்கெல்லாம் கல்லூரி மைதானத்தில் இருக்க வேண்டும். அங்கிருந்து நாம் பிரின்ஸிபாலிடம் போவோம். அவர் முன்னால் ஒரு மனுவில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா போன பிறகு, காப்பாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர்தான் இருக்கிறது. என் கையெழுத்து செல்லாதாம். என் உடம்பு மட்டும் செல்லும்.

ஜூலை 24 உங்களுக்கு நினைவிருக்கும். கடைசி வருட மாணவர்களின் காப்பாளர்களை ஒரு பாரத்தில் கையெழுத்துப் போட வரச் சொன்ன நாள். நீங்கள் நைட் ஷிப்டு முடிந்து, தூங்காமல், அப்படியே ரயிலேறி வந்தீர்கள். அன்றைக்குத்தான் எங்களை எடை போட்டார்கள். அதற்கு முந்தின வாரமே போட்டிருக்க வேண்டியது. கல்லூரியின் எடை மெஷினில் முள் நாற்பதில் நின்றுவிட்டது. யார் ஏறினாலும் நாற்பது. அந்த ஒரு வாரம் எங்கள் கல்லூரியில் குண்டர்களே இல்லை. அமைதியான வாரம். பிறகு தேகப்பயிற்சி ஆசிரியர் துளசிராமன் சார், பழவேற்காடு மீன் கொட்டகையிலிருந்து மேடைத் தராசைக் கேட்டு வாங்கி வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். தராசைத் தனியாக அனுப்பக் கொட்டகை முதலாளி சம்மதிக்கவில்லை. அதனால் எடைபோடும் பூவராகவனும் தராசோடு வந்தார்.

நீங்கள் கம்பெனி வேலைக்குப் போகும் வரை பதினைந்து வருடம் உங்கள் மீன்கூடை ஏறிய தராசு. எடையைக் குறைத்துக் காட்டுகிறதென்று, 'தராசு தின்னது போவத்தான் நம்மளுக்கு' என்று அம்மா சொல்வாளே, அதே தராசு. அதன் மேல் நான். ஈரக் கூடை மாதிரி நின்றேன். நான் பயந்துவிடக்கூடாது என்று நீங்கள் என் முதுகை ஒட்டி நின்றீர்கள். அந்த அன்பை மறக்கமாட்டேன்.

பூவராகவன் தராசுக் குண்டை நகர்த்திப் பார்த்து, கொட்டகையில் கூவுகிற அதே குரலில் கூவினார்.

"எழுபத்தொம்போது. கூடைக்கு ஒண்ணு கழிச்சா எழுபத்தெட்டு."

"கூடை எங்கய்யா இருக்குது?" என்றார் துளசிராமன் சார்.

"சட்டை போட்டுக்கினு கீறாரே சார்."

"அதெல்லாம் கழிக்கக் கூடாது. எழுபத்தொம்போதுன்னு எழுதிக்க."

எழுதிக்கொண்டார்கள். நீங்களும் பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். எழுபத்தைந்து கிலோவுக்கு மேல் உள்ள மாணவர்கள் தினமும் காலை ஆறரைக்கு மைதானத்துக்கு வர வேண்டும். தேகப்பயிற்சி வகுப்பு. கட்டாயம். நூற்றுக்கு எண்பது வருகை இல்லாதவர்களுக்கு மார்ச்சில் ஹால் டிக்கெட் கிடையாது. ஆகஸ்டு 14 அன்று மறு எடை. அன்று எழுபத்தைந்துக்குக் கீழே இறங்கியவர்கள் முழு வருகையுடன் விடுவிக்கப்படுவார்கள். கீழே ஒன்பது பெயர்கள். என்னுடையது நான்காவது.

பொருளாதாரத்தில் நான் முதலாவதாக வந்தபோதும் பலகையில் என் பெயர் போட்டார்கள். இத்தனை பேர் நின்று படித்ததில்லை.

என் காலையைக் கேளுங்கள் மாமா. நான்கு மணிக்கு எழுந்திருக்கிறேன். ஒரு மணி நேரம் கழி ஊன்றித் தோணியைத் தள்ளி ஏரியைக் கடக்கிறேன். பழவேற்காட்டில் பஸ். பொன்னேரியில் ரயில். இறங்கும்போது மணி ஆறு இருபது. அங்கிருந்து கல்லூரி ஒன்றரை மைல். நடந்தால் ஆறு ஐம்பது. ஓட்ட வகுப்புக்கு நேரத்துக்கு வர வேண்டுமானால் நான் ஓடித்தான் வர வேண்டும். ஓடி வருகிறேன். ரயில் ஐந்து நிமிடம் தாமதித்தால் ஓடியும் பயனில்லை. இதுவரை பதின்மூன்று வகுப்பு. என் பெயருக்கு எதிரே நான்கு வருகை. மீதி ஒன்பது நாளும் தாமதமாக வந்து, எல்லோரும் ஓடிய அதே ஆறு சுற்றை நானும் ஓடினேன். மைதானத்தில் ஓடினேன். பதிவேட்டில் ஓடவில்லை.

துளசிராமன் சாரிடம் சொல்லிப் பார்த்தேன். "சார், நான் காலையில ஒரு மணி நேரம் தோணி தள்ளிட்டு வரேன். அதைக் கணக்குல எடுத்துக்கக் கூடாதா?"

"அது போக்குவரத்துப்பா," என்றார். "தேகப்பயிற்சி இல்ல."

கெட்டவர் அல்ல. கோபப்படமாட்டார். ஊதல் மட்டும் ஊதுவார். எங்களோடு ஒரு சுற்றும் ஓடியதில்லை. வேப்பமரத்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, ஓட்டத்தினால் வரும் நன்மைகளைச் சொல்வார்.

அம்மாவிடம் முதலில் சொல்லவில்லை. சட்டை தினமும் நனைந்து வருவதைப் பார்த்துக் கேட்டாள். சொன்னேன். அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எளைக்க வெக்கிறதுக்கா காலேஜு? ஊர்ல அல்லாரும் புள்ள எளச்சிப்பூட்டான்னு அழுவுறாங்க. உங்க வாத்தியாரு புள்ள நல்லா கீறான்னு அழுவுறாரா?"

"எழுபத்தைஞ்சுக்கு மேல இருக்கக் கூடாதாம்மா."

"யாரு வெச்ச கணக்குடா அது? அவர் ஊட்டு மீனு தின்னியா நீ?" முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "அந்தாளு நோஞ்சானா?"

ஒல்லிதான் என்றேன்.

"அதான். வவுத்தெரிச்சல்."

மறுநாள் அந்த வயிற்றெரிச்சலுக்கு மருந்தாக ஒரு தூக்கில் மடவை மீன் குழம்பு கொடுத்தனுப்பினாள். தோணியிலும் பஸ்ஸிலும் ரயிலிலும் சிந்தாமல் கொண்டுவந்தேன். குழம்போடு ஓட முடியாது. அன்றைக்கும் வருகை போயிற்று. குழம்பு முழுவதையும் துளசிராமன் சார் மதியம் சாப்பிட்டார். தூக்கைக் கழுவியே திருப்பிக் கொடுத்தார். "உங்கம்மா கைக்குக் கும்பிடு போடணும்பா. நாளைக்கு ஆறரைக்கு வந்துடு" என்றார். அன்று முதல் அம்மாவும் விடவில்லை. ஓடுகிற பிள்ளைக்குச் சத்து வேண்டும் என்று ராத்திரியில் இரண்டு துண்டு கூடுதலாக வைக்கிறாள். கல்லூரி குறைக்கிறது. வீடு கூட்டுகிறது. நடுவில் நான் வெறும் பாத்திரம்.

தேகப்பயிற்சி கெட்டது என்று நான் சொல்லவில்லை. நல்லதென்றால் எல்லோருக்கும் வைக்கட்டும். மாடி ஏறினால் மூச்சு வாங்கும் ஒல்லிகள் என் வகுப்பிலேயே பதினோரு பேர் இருக்கிறார்கள். பீடி பிடித்துப் பிடித்து நெஞ்சு கூடானவர்கள் இருக்கிறார்கள். அவர்களை எந்தத் தராசிலும் ஏற்றவில்லை, ஏனென்றால் அவர்கள் சட்டைக்குள் என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது, எங்கள் சட்டைக்குள் நடப்பது தெரிகிறது, அதுதான் எங்கள் குற்றம், ஆறடி உயரமுள்ளவனுக்கும் எழுபத்தைந்து, ஐந்தடி உள்ளவனுக்கும் எழுபத்தைந்து என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டால் அலுவலகத்தில் சிரிக்கிறார்கள், நான் கல்லூரிக்குக் கொடுத்தது என் மூளையை மட்டும், அதுவும் மூன்று வருடத்துக்கு, உடம்பை வீட்டிலிருந்து அப்படியே கொண்டுவந்து அப்படியே கொண்டுபோகிறேன், அது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை, இருந்தால் அதற்கு மதிப்பெண் போடட்டும், நாங்கள் ஒன்பது பேரும் முதல் வகுப்பில் தேறுவோம்.

மன்னிக்கவும். கொஞ்சம் கத்திவிட்டேன்.

ஒன்று மட்டும் உங்களிடம் சொல்லலாம் என்று நினைக்கிறேன். இருபது வருடமாக இந்த உடம்புக்குள் இருக்கிறேன். இதற்கு ஓர் எண் உண்டு என்று தெரியாமல் இருந்தேன். எழுபத்தொன்பது என்று பூவராகவன் கூவிய பிறகு, எதுவும் பழையபடி இல்லை. படி ஏறும்போது என் கால் சத்தம் எனக்குக் கேட்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்தால் எனக்காக நகர்ந்தார் என்று படுகிறது. தோணி முன்பைவிட ஒரு விரற்கடை அதிகமாக அழுந்துகிறது. நிச்சயமாக அழுந்துகிறது. பார்த்தேன்.

அன்று பட்டியலில் எனக்கு அடுத்த பெயர் தானியேல். எண்பத்துநான்கு. உங்கள் கம்பெனிக்குப் பக்கத்துக் கம்பெனியில் அவன் அப்பா வேலை செய்கிறார். ரயிலில் எனக்கு இடம் போட்டு வைப்பவன். அவன் உடம்புக்கு இரண்டு பேர் இடம் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. அதில் மட்டும் எங்களுக்கு லாபம். மூன்று வாரமாகச் சாயங்காலம் இட்லியை நான்கிலிருந்து இரண்டாக்கிவிட்டான். "இன்னாடா நாகமுத்து, ரெண்டு இட்லி தின்னா அழுவயா வருது" என்றான் நேற்று. அழவில்லை. ஆனால் சொன்ன விதம் அப்படி இருந்தது. மனுவை எழுதும் துணிவு எனக்கு அப்போதுதான் வந்தது. ஒன்பது பேர் சார்பாகவும் நானே எழுதியிருக்கிறேன். 'இந்த வகுப்பினால் ஒருவர் உடம்பிலும் ஒரு கிலோவும் குறையவில்லை, குறையாது' என்பது இரண்டாவது பத்தி. அழுத்தமாக வந்திருக்கிறது.

ஆகவே திங்கட்கிழமை. மறந்துவிட வேண்டாம். ஹால் டிக்கெட் இல்லாவிட்டால் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லாவிட்டால் மூன்று வருடமாக நான் கழி ஊன்றியது உண்மையிலேயே வெறும் போக்குவரத்து. நம் குப்பத்தில் பி.ஏ. என்று எழுதிய முதல் பெயர்ப் பலகைக்கு நீங்கள் தேக்குக் கட்டை எடுத்து வைத்திருப்பதாக அத்தை சொன்னார்கள். அந்தக் கட்டையை நினைத்தாவது வாருங்கள்.

அத்தைக்கு என் பணிவான வணக்கம். உங்களுக்கு வருகிற ஷிப்டெல்லாம் பகல் ஷிப்டாக வர வேண்டும் என்று அம்மா எல்லையம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள். அவள் வேண்டுதலோடு என் அன்பும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்,
நாகமுத்து (79 கிலோ)

பி.கு.: மேலே உள்ளதைத் தபாலில் போடக் கொண்டுவந்தேன். தபால் பெட்டி மீன் கொட்டகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதை அந்தக் கொட்டகையில், ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு எழுதுகிறேன். பூவராகவன் கூப்பிட்டார்.

"இன்னா நாகமுத்து, எளச்சியா?"

"இல்லண்ணே."

"எப்பிடி எளைப்ப? எட்டு கிலோ உன்னுதே இல்லியே. உன் மாமன் கட்டவெரலு ஆச்சே."

புரியவில்லை என்றேன்.

"அன்னிக்கி உன் பின்னால நின்னுக்கினு, வலது கால் கட்டவெரலால பலகைய அமுக்கிக்கினே இருந்தான். நான் பதினஞ்சு வருசம் பாத்தவன். கூடைய வெச்சதும் ஆகாசத்தப் பாப்பான். வெரலு எறங்கும். அன்னிக்கும் ஆகாசத்தத்தான் பாத்தான்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேண்ணே."

"எங்க தராசு தின்றத அவன் என்னிக்காவது சொன்னானா, அவன் வெரல நான் சொல்றதுக்கு? அது ஒரு மருவாதப்பா."

ஏறி நின்றேன். எழுபத்தொன்று.

உங்கள் மேல் வருத்தமில்லை மாமா. நீங்கள் தூங்காமல் வந்திருந்தீர்கள். தராசைக் கண்டதும் விரல் தானாக இறங்கியிருக்கும். நம் வீட்டுப் பொருள் எதுவானாலும் கொஞ்சம் கூடத்தான் காட்ட வேண்டும் என்று அந்த விரலுக்குத் தெரியும். இந்தத் தராசு எழுபத்தொன்று என்றால் உண்மையில் எத்தனை என்று நான் கேட்கப் போவதில்லை. இத்தனை வருடம் நம்மிடமிருந்து தின்றது, முதல் தடவையாக நமக்காகத் தின்கிறது. தின்னட்டும்.

திங்கட்கிழமை இதே தராசு கல்லூரிக்கு வருகிறது. நான் ஏறுவேன். மூன்று வாரத்தில் எட்டு கிலோ குறைந்துவிட்டது என்று துளசிராமன் சார் நாற்காலியை விட்டே எழுந்துவிடுவார். முழு வருகை. ஹால் டிக்கெட். மனுவின் இரண்டாவது பத்தியை நான் கிழித்துவிட்டேன். மற்றப் பத்திகள் அது இல்லாமல் நிற்கவில்லை, அவற்றையும் கிழித்துவிட்டேன். ஆகவே லீவு போட வேண்டாம். வர வேண்டாம். எக்காரணம் கொண்டும் என் பின்னால் நிற்க வேண்டாம்.

கடிதத்தை மடித்த பிறகு தானியேல் நினைவுக்கு வந்தான். அன்று அவனுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. எண்பத்துநான்கும் அவனுடையதே. குறைத்துக் காட்ட வழி உண்டா என்று பூவராகவனிடம் கேட்டேன். "பலகைக்கு அடியில ஒரு சில்லு வெச்சா போதும். ஆனா அது மீனுக்குத்தான். மனுசனுக்கு வெச்சா பாவம்" என்றார்.

அதனால் ஒன்று. அமுக்கத் தெரிந்த விரலுக்குத் தூக்கவும் தெரியுமானால், அப்போது மட்டும் திங்கட்கிழமை வாருங்கள். தானியேலுக்குப் பின்னால் நில்லுங்கள். ஆகாயத்தைப் பாருங்கள்.